மானுக்கு இரண்டாவது வெடி

1. கொலின் மேசையில் போட்ட விண்ணப்பம்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. தென் லண்டனில் துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருக்க உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்றில் நான் விசாரணை அலுவலராக இருந்தேன். காவல்துறைக்கு வேலை செய்யும் சிவிலியன், சீருடை கிடையாது. யாராவது துவக்கு வைத்திருக்க உரிமம் கேட்டால் அவருடைய வீட்டுக்குப் போவேன். இரும்பு அலுமாரி சுவரோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பேன். கொடுக்கிற தேநீரைக் குடித்துக்கொண்டு அவரோடும் வீட்டில் இருப்பவர்களோடும் கதைப்பேன். திரும்பி வந்து 'கொடுக்கலாம்' அல்லது 'கூடாது' என்று அறிக்கை எழுதுவேன். மோர்டனில் என் அயலவர்களுக்கு நான் "பொலிசிலை டைப் அடிக்கிற ரஞ்சினி". அதை நான் திருத்தப் போகவில்லை. ஆரம்பத்தில் டைப்தான் அடித்தேன்.

ஒரு திங்கட்கிழமை என் மேலதிகாரி கொலின் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். கொலின் முன்பு சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்று, பிறகு சிவிலியனாகத் திரும்பி வந்தவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ரஞ்சி, உன்னுடைய ஊர்க்காரர் போல இருக்கிறது. மான் சுட செமி ஆட்டோமேட்டிக் கேட்கிறார்."

"அது கிடையாதென்று ஒரு கடிதம் அனுப்பினால் போதுமே."

"போதும். ஆனால் அவர் எழுதியிருப்பதை முதலில் படி."

இதை வாசிக்கும் இளையவர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செமி ஆட்டோமேட்டிக் என்றால், விசையை ஒருமுறை இழுத்ததும் ஒரு குண்டு போகும். அடுத்த குண்டு தானாகவே ஏறிக்கொள்ளும். முயல் சுடுகிற சின்னத் துவக்கு தவிர, இந்த வகை ரைஃபிள்கள் இந்த நாட்டில் தனியாருக்குத் தடை. அந்தச் சின்னத் துவக்கால் மானைச் சுடுவதும் குற்றம், ஏனென்றால் அது மானைக் கொல்லாது, காயப்படுத்தும். ஆகவே மான் சுடுகிறவர்கள் போல்ட் வைத்த ரைஃபிள்தான் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு போல்ட்டின் கைபிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். பழகியவர் அதை ஒரு நொடிக்குள் செய்வார்.

விண்ணப்பக்காரரின் பெயர் தவராசா. நோர்பரியில் இறைச்சியும் மீனும் விற்கும் கடை வைத்திருப்பவர். அதற்கு முன் பதினாறு வருடம் நோர்வேயின் வடக்கில், ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கே சட்டப்படி வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி, சட்டப்படி ஒரு செமி ஆட்டோமேட்டிக் வைத்து வேட்டையாடியவர். விண்ணப்பத்தோடு தன் வலது கையின் படத்தையும் ஒட்டியிருந்தார். பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லாத கை. கீழே நேர்த்தியில்லாத ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தார்: "இந்தக் கையால் போல்ட் இழுக்க முடியாது. நோர்வேயில் இருக்கும் என் துவக்கை அனுமதி இல்லாமல் கொண்டுவர மாட்டேன். அதற்கு அனுமதி இல்லை என்றால், இப்படிக் கை உள்ள ஒருவர் எதைப் பாவிக்கலாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள்."

துவக்கைக் கொண்டுவந்த பிறகு மன்னிப்புக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் குறைவு. அவரை எனக்குத் தெரியாது, உறவில்லை என்று கொலினுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு போனேன்.

2. நோர்பரி வீட்டில்

தவராசாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கதவைத் திறந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

"தங்கச்சி தமிழோ?"

"ஓம். கொக்குவில்."

"புவனா, இஞ்சை வாரும்! பொலிசாலை வந்திருக்கினம், எங்கடை பிள்ளை ஒண்டு!"

அவர் மனைவி புவனா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ் வந்தது. விண்ணப்பதாரரின் வீட்டில் தேநீர் குடிக்கலாம், சாப்பிடக் கூடாது என்பது நானே வைத்திருந்த விதி. அன்றைக்கு அது உடைந்தது.

கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலேயே கேட்டேன். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் சில கேள்விகள் இவ்வளவு கூராக இருந்திருக்காது.

"ஊரிலை இருக்கேக்கை துவக்குத் தூக்கினனீங்களோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. தூக்கினவையைக் கண்டு ஓடினனான். எந்தப் பக்கத்து ஆக்களெண்டாலும் ஓடினனான்."

"பேந்து ஏன் இப்ப துவக்கு?"

கென்டில் பண்ணை வைத்திருக்கும் ஒரு கமக்காரரிடம்தான் கடைக்கு ஆடு வாங்குவதாக அவர் சொன்னார். அந்தக் கமக்காரருடைய காட்டில் மான் பெருகிவிட்டது. நட்ட மரக்கன்றுகள் எல்லாவற்றையும் கடித்துவிடுகின்றன. சுட்டுக் குறைக்க அவர் எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறார். தவராசா கடிதத்தை எடுத்துக் காட்டினார். அது உரிமத்துக்குப் போதிய காரணம்தான்.

"இது பேப்பருக்குக் காரணம்," என்றார். "என்ரை காரணம் என்னெண்டால், காட்டுக்குள்ளை போயிருந்தால் எனக்கு நித்திரை வரும் பிள்ளை. அண்டைக்கு இரவு நல்லா நித்திரை வரும். பதினாறு வருசம் அப்பிடித்தான் சமாளிச்சனான். இஞ்சை வந்து ரெண்டு வருசமா ஒழுங்கான நித்திரை இல்லை."

"சரி. ஆனால் ஏன் செமி ஆட்டோமேட்டிக்? மானுக்கு ஒரு வெடி காணும்தானே?"

"ஒரு வெடி காணும். குறி பிழைச்சால்? எவ்வளவு பழகினவனுக்கும் ஒருநாள் பிழைக்கும். பிழைச்சால் அந்த இடத்திலையே ரெண்டாவது வெடி வைக்கவேணும். காயப்பட்ட மான் பத்தைக்குள்ளை போய் ரெண்டு நாள் கிடந்து சாகும். என்ரை கையாலை போல்ட் இழுக்க நேரம் செல்லும். அதுக்குத்தான் கேக்கிறன். கனக்கச் சுடுறதுக்கில்லை."

அந்தப் பதிலுக்கு நான் தயாராக இருக்கவில்லை. இந்த வேலையில் இருந்த நாலு வருடத்தில் செமி ஆட்டோமேட்டிக்கை மானின் பக்கத்திலிருந்து யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் அதை எப்போதும் மனிதர்களின் பக்கத்திலிருந்துதான் பார்த்தேன். எண்பதுகளில் கொக்குவிலில் ஒரு பின்னேரம், டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது, ஒழுங்கையின் மறுமுனையில் விடாமல் வெடிக்கும் அந்தத் துவக்குச் சத்தம் கேட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு வேலியோடு குப்புறப் படுத்திருந்தேன். எனக்கு முன்னால் சைக்கிளில் போன என் வகுப்புத் தோழி எழும்பவில்லை. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் ஓடுவதற்கு ஒரு இடைவெளி இருந்திருந்தால் அவள் ஓடியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். போல்ட் துவக்குக் கொடுப்பது அந்த இடைவெளியைத்தான்.

இதை நான் அவரிடம் சொன்னேன். விசாரணை அலுவலர் சொல்லக் கூடாத விஷயம். ஆனாலும் சொன்னேன்.

தவராசா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"விளங்குது தங்கச்சி. இஞ்சையும் ஆரோ ஒருத்தன் தெருவிலை இறங்கிச் சனத்தைச் சுட்டாப் பிறகு போட்ட சட்டம் எண்டு கமக்காரன் சொன்னவர். அந்தச் சட்டம் வேணும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. எனக்கு என்ன வழி எண்டுதான் கேக்கிறன்."

அவருக்குப் பின்னால் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்ற புவனா அப்போதுதான் வாய் திறந்தார்.

"அந்தத் துவக்கு இஞ்சை வராட்டில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் இவருக்கு அது வெறும் துவக்கு இல்லை. அர்னே குடுத்ததை அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்."

3. அர்னே

அர்னே தவராசாவோடு ஒரே வயதுக்காரர், நோர்வே மீன் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் பக்கத்தில் நின்றவர். மீனின் தலையை வெட்டும் இயந்திரம் ஒன்றில் ஒருநாள் மீன் சிக்கிக்கொண்டது. தவராசா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டு இழுத்திருக்கிறார். மறுபக்கம் நின்ற அர்னேக்கு அது தெரியவில்லை. நின்றுபோன இயந்திரத்தைத் திரும்பப் போட்டுவிட்டார்.

"சத்தம் போட்டது நானில்லை," என்றார் தவராசா. "அவன்தான் கத்தினவன். என்ரை கையைத் தன்ரை சட்டைக்குள்ளை சுத்திக்கொண்டு ஆஸ்பத்திரி மட்டும் ஒரு வார்த்தை கதைக்கேல்லை."

அதற்கு முன் இருவரும் சேர்ந்து வேட்டைக்குப் போவார்கள். கை போன பிறகு தவராசா போவதை விட்டுவிட்டார். மறு வருடம் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முதல் வாரம் அர்னே ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். தன் படகின் பழைய எஞ்சினை மாற்ற வைத்திருந்த காசில், போல்ட் இழுக்கத் தேவையில்லாத துவக்கு வாங்கியிருந்தார். நடுவிரலால் விசையை இழுத்தால் போதும். அதன் பிறகு அர்னே புற்றுநோயில் சாகும் வரைக்கும், ஒவ்வொரு இலையுதிர் காலமும் இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

எனக்கு வேலை நினைவு வந்தது. அந்தத் துவக்கு உண்மையாகவே இந்த நாட்டுக்குள் இல்லை என்பதை நான் உறுதி செய்ய வேண்டும். கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அர்னேயின் ஊரில் உரிமம் பெற்ற துவக்குக் கடையில் இருக்கிறது, ரசீது அர்னேயின் மனைவி இங்கரிடம் இருக்கிறது என்று சொல்லி, அப்போதே தொலைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

நோர்வேஜியன் எனக்குத் தெரியாது. இங்கரின் குரல் தாழ்ந்த, கரகரத்த குரல். ரசீதைத் தேடி எடுத்து இலக்கத்தை வாசித்தார்; நான் குறித்துக்கொண்டேன். பிறகு தவராசா ஏதோ சொன்னார். இந்த நாட்டில் அனுமதி இல்லையாம், அந்தத் துவக்கை இனி விற்றுவிடச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார் என்பது அவருடைய முகத்திலிருந்தே தெரிந்தது. பிறகு இங்கர் மெதுவாக நாலைந்து வசனங்கள் சொன்னார். தவராசா இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"என்னவாம் அண்ணை?" என்று கேட்டேன்.

"துவக்கு போனால் போகட்டுமாம். அர்னே அதைத் தந்தது என்னட்டை மன்னிப்புக் கேக்கத்தானாம். நான் ஒருநாளும் மன்னிச்சிட்டன் எண்டு வாயாலை சொல்லேல்லையாம். சாகிற கடைசிக் கிழமையும் அதைத்தான் கேட்டவனாம். தவா ஏதும் சொன்னவனோ எண்டு."

புவனா முன்னால் வந்து அவருடைய தோளில் கை வைத்தார்.

"நான் துவக்கை வாங்கினனான்தானே," என்றார் அவர், யாரைப் பார்த்து என்றில்லாமல். "அவனோடை வருசா வருசம் காட்டுக்குப் போனனான். அது காணாதோ? வாயாலையும் சொல்லவேணுமெண்டு எனக்குத் தெரியேல்லையே."

இங்கர் இன்னமும் தொலைபேசியில் இருந்தார். தவராசா குனிந்து, அதனிடம் ஒரேயொரு வசனம் சொன்னார். அதை அவர் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபக்கத்தில் அந்தப் பெண் அழுவது கேட்டது. நான் என் பைலை மூடிக்கொண்டு, அலுமாரி வைக்கப் போகிற சுவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மாடிக்குப் போனேன்.

4. இடது கை

அலுவலகம் திரும்பி, நிராகரிப்புக் கடிதத்தை எழுதிக் கொலினிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அவர் இரண்டு கேள்வி கேட்டார். நீ ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய்."

உண்மைதான். எதைப் பாவிக்கலாம் என்று அவர் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. நாலு வருடமாக ரைஃபிள்களின் இலக்கங்களை ஃபோமில் எழுதுகிறேன், ஆனால் ஒரு ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்த்ததில்லை. கொலின் சர்ரேயில் உள்ள ஒரு சுடும் கழகத்தின் பயிற்சியாளரைக் கூப்பிட்டார். இடதுகைக்காரர்களுக்கென்று போல்ட் இடப்பக்கம் வைத்த ரைஃபிள்கள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். துவக்கின் முன்பகுதியை ஒரு தாங்கியில் வைத்துவிட்டால் வலது கைக்கு வேலையே இல்லை. விசையும் போல்ட்டும் இடது கைக்கு. ஒரேயொரு பிரச்சினை, பழைய பழக்கம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, இடது தோளிலும் இடது கண்ணிலும் புதிதாகப் பழக வேண்டும்.

ஐம்பது வயதில் அது லேசில்லை. அவர் கழகத்தில் சேர்ந்து, வியாழக்கிழமைகளில் கடையைப் புவனாவிடம் விட்டுவிட்டுப் போய், கழகத்தின் துவக்கிலேயே பழகினார். முதல் மாதம் ஒரு குண்டுகூடக் குறி பார்க்கும் அட்டையில் படவில்லை. கடையில் குளிர் அறைக் கதவுக்கு ஒரு பெரிய இரும்புக் கொண்டி இருந்தது. அதைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கி, இடது கையால் ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் செய்துகொண்டிருந்தாராம்.

"வாற சனம் மனிசனுக்கு ஏதோ பிடிச்சிட்டுது எண்டு நினைக்குது," என்று புவனா எனக்கு போனில் சொன்னார். "ஆட்டிறைச்சி கேட்டால் கதவைத் துறந்து பூட்டித் துறந்து பூட்டி நிக்கிறார்."

பயிற்சியாளரின் கடிதம் வந்தது. கென்டின் காவல்துறை அந்த நிலத்தைப் பார்த்துச் சரியென்றது. அலுமாரியை நான் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. 'கொடுக்கலாம்' என்று எழுதினேன். இடதுகைப் போல்ட் ரைஃபிள் ஒன்று, மானுக்கு.

5. ஏழு நொடிகள்

அந்த வருடம் நவம்பரில் கொலின் சொன்னார்: "மான் சுட உரிமம் கொடுக்கிறாய். ஒருநாள் போய்ப் பார். நான் எழுத்தில் அனுமதி தருகிறேன்."

தவராசாவோடு கென்டுக்குப் போனேன். அதற்குள் அவர் எனக்குத் தவண்ணை ஆகிவிட்டிருந்தார். விடிவதற்கு முதலே காட்டின் ஓரத்தில் இருந்த மரப் பரணில் ஏறினோம். இருவர் இருக்கக்கூடிய, ஏணி வைத்த பரண். மேலிருந்து சுட்டால், தவறினாலும் குண்டு நிலத்துக்குள்தான் போகும் என்பதற்காக அப்படிக் கட்டுகிறார்கள். பனி விழுந்திருந்தது. கையுறைக்குள்ளும் என் விரல்கள் மரத்துப்போயின. அவர் அசையவே இல்லை. நோர்பரி வீட்டில் நான் பார்த்த, கதவுக்கும் ஜன்னலுக்கும் பார்வை ஓடிக்கொண்டிருந்த மனிதரல்ல இவர். மூச்சு நீளமாக, ஒழுங்காகப் போய் வந்தது.

வெளிச்சம் வந்ததும் மூன்று மான்கள் வந்தன. ஒரு பெரிய பிணைமான், அதன் கன்று, கொஞ்சம் தள்ளி ஒரு இளம் பிணைமான். தவண்ணை என் காதருகில் சொன்னார்: "தாயையும் குட்டியையும் விடுறன். தாயைச் சுட்டால் குட்டியையும் சுடவேணும், தாயில்லாமல் அது தப்பாது. இந்தக் கையாலை அது இன்னும் ஏலாது."

இளம் பிணை தனியாகப் பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்தார். மிக நீண்ட நேரம் காத்திருந்தார். அவர் விசையை இழுத்த அதே கணத்தில் அது ஒரு அடி எடுத்து வைத்தது.

மற்ற இரண்டும் பாய்ந்து ஓடின. இது ஓடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அந்த இடத்திலேயே நின்றது. குண்டு பின்னுக்குப் பட்டுவிட்டது என்று எனக்கே விளங்கியது. தவண்ணையின் இடது கை போல்ட்டுக்குப் போனது. தூக்கினார், இழுத்தார், பாதியில் கை தடுமாறி நழுவியது. திரும்பப் பிடித்து இழுத்தார். மான் எங்கள் பக்கம் தலையைத் திருப்பியது. நான் ஏனோ எண்ணத் தொடங்கியிருந்தேன். ஏழு எண்ணியபோது இரண்டாவது வெடி கேட்டது. மான் விழுந்தது.

இறங்கிப் போனோம். அவர் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்து, செத்துவிட்டது என்று உறுதி செய்துவிட்டு, பக்கத்தில் ஈரப் புல்லிலேயே இருந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன். "அர்னேயின்ரை துவக்கெண்டால் அண்ணை?"

"ஒரு செக்கன்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "உங்களிலை பிழை சொல்லேல்லைத் தங்கச்சி. கேட்டபடியால் சொல்லுறன். வெடி வைச்சது நான். பிழைச்சதும் நான்தான்."

அலுவலகத்தில் கொலினிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்படியென்றால் சட்டம் பிழை என்கிறாயா?"

"இல்லை. நாளைக்கு இன்னொருவர் கேட்டாலும் கிடையாது என்றுதான் எழுதுவேன்."

"பிறகேன் முகம் இப்படி இருக்கிறது?"

"அந்தச் சட்டத்துக்காக அந்த மான் ஏழு நொடி காயத்தோடு அங்கே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன்."

கொலின் எழும்பிப் போய் எனக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அது முதல் தடவை.

அடுத்த வாரம் தவண்ணை போன் பண்ணினார். போல்ட்டை இழுக்கும் கை இனித் தடுமாறாது என்று பயிற்சியாளர் சொல்லும் வரைக்கும் தான் காட்டுக்குப் போவதில்லை என்று கமக்காரரிடம் சொல்லிவிட்டாராம். "உங்களுக்கும் சொல்லி வைக்கிறன்," என்றார். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஒரு வருடம் முழுக்க, வியாழக்கிழமைகளில் அட்டையை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தார்.

6. ஒரு தொலைபேசி அழைப்பு

சில வருடங்கள் போயின. அவர் நன்றாகப் பழகிவிட்டிருந்தார். வருடத்துக்கு நாலைந்து மான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெடி. என் பைலில் அவருடைய பெயருக்கு எதிரே ஒரு குறையும் இல்லை.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது வந்தது. வன்னியில் போரின் கடைசி மாதங்கள். இங்கே எங்கள் எல்லோருடைய வீட்டிலும் தொலைபேசி ஒரு பக்கமும் டிவி ஒரு பக்கமுமாக இருந்த நாட்கள். தவண்ணையின் அக்காவும் அக்காவின் பிள்ளைகளும் போருக்குள்ளே அகப்பட்டிருந்தார்கள். வாரக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. மே மாத முடிவில் செய்தி வந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை.

மூன்று நாள் கழித்து, ஒரு காலையில், அலுவலகத் தொலைபேசிக்கு அவர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, என்ரை துவக்கை வந்து எடுத்துக்கொண்டு போங்கோ."

"ஏன் அண்ணை?"

"கொஞ்ச நாளைக்கு அது என்னட்டை இருக்க வேண்டாம்."

எங்கள் தொழிலில் இந்த இடத்தில் சுற்றி வளைக்கக் கூடாது. நேராகக் கேட்க வேண்டும். கேட்டேன். "உங்களை நீங்களே ஏதும் செய்யவேணும் போல இருக்கோ?"

பின்னால் கடையில் யாரோ மீன் விலை கேட்பது கேட்டது.

"தெரியேல்லைப் பிள்ளை," என்றார். "தெரியாதபடியால்தான் உங்களுக்குப் போன் எடுக்கிறன்."

"புவனாக்கா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"நிக்கிறா. அலுமாரித் திறப்பு அவவிட்டைத்தான் கிடக்கு. குடுத்திட்டன்."

"வைக்காதேங்கோ. கதைச்சுக்கொண்டிருங்கோ."

கொலின் என் முகத்தைப் பார்த்ததும் கார்ச் சாவியை எடுத்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் நோர்பரியில் இருந்தோம். வழி முழுக்க நான் மொபைலில் அவரோடு கதைத்தபடியே போனேன். என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. நெத்தலி பற்றியும் கதைத்திருப்பேன்.

கடையைப் பூட்டிவிட்டு எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய், புவனா அலுமாரியைத் திறந்துவிட்டார். கொலின் துவக்கை எடுத்து, போல்ட்டைத் தனியாகக் கழற்றி, தோட்டாக்களை எண்ணினார். நான் ரசீது எழுதினேன். தவண்ணை இடது கையால் கையெழுத்துப் போட்டார். வாசலில் கொலின் நின்று, துவக்குப் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தன் இடது கையை நீட்டினார். தவண்ணை தன் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் உடனே கையை விடவில்லை.

கொலின் துவக்கைக் கொண்டு போனார். நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அந்த வீட்டிலேயே இருந்தேன். பின்னேரம் மூவருமாக மருத்துவரிடம் போனோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பைல் இல்லாமல் போய் வந்தேன். சில ஞாயிறுகளில் அவர் கீழே இறங்கி வரவே இல்லை. புவனாக்காவோடு கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு கதைத்துவிட்டு வருவேன்.

இலைகள் கொட்டத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் அவர் கூப்பிட்டார்.

"கமக்காரன் கேக்கிறார், ஏன் இந்த முறை காணேல்லை எண்டு. என்ரை துவக்கைத் தருவியளோ தங்கச்சி?"

அந்த வீட்டு ரோல்ஸை அத்தனை ஞாயிறுகள் சாப்பிட்ட நான் இதைத் தீர்மானிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். கொலினே பைலை எடுத்தார். மருத்துவரின் கடிதம் கேட்டார். கடிதம் வந்த பிறகும் ஒரு மாதம் பொறுத்தார். புவனாக்காவைத் தனியாகச் சந்தித்துக் கதைத்தார். மொழிபெயர்க்க மட்டும் என்னைக் கூட்டிப் போனார்.

"குடுக்கச் சொல்லுங்கோ," என்றார் புவனாக்கா. "போன கிழமை இவர் ஒரு பகிடி விட்டவர். எனக்கு விளங்கேல்லை, ஆனால் விட்டவர்."

கொடுத்தோம்.

7. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என்ன வேலை செய்தேன் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். கலியாண வீடுகளில் யாராவது கேட்பார்கள், மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் விட்டால் என்ன, நோர்வேயில் விடுகிறார்கள்தானே என்று. விடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அந்த ஏழு நொடியைப் பார்த்த பிறகும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன் நான் சொன்ன 'இல்லை'யில் ஒரு செருக்கு இருந்தது. பிறகு சொன்னதில் அது இருக்கவில்லை. நீங்கள் 'இல்லை' என்று எழுதும்போது அது எங்கே போய் விழுகிறது என்று ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

எந்தத் துவக்குக் கொடுக்கலாம், எது கூடாது என்பதற்குச் சட்டத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எந்த மனிதருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு அவ்வளவு இல்லை. அதற்காகத்தான் வீடு வீடாகப் போகிறோம். அலுமாரியை ஆட்டிப் பாருங்கள், பூட்டைப் பாருங்கள். அதோடு, தன்னைத் தானே நம்ப முடியாத ஒரு காலையில் இந்த மனிதர் போனை எடுத்து உங்களைக் கூப்பிடுவாரா என்றும் பாருங்கள். அப்படிக் கூப்பிடக்கூடிய ஒருத்தராக நீங்கள் அந்த வீட்டில் நடந்துகொண்டீர்களா என்றும் பாருங்கள்.